பிரிக்காத புத்தகத்துக்கு எழுதிய கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதியபோது புத்தகம் என் முன்னால்தான் கிடந்தது. கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் புத்தகத்தை வெளியே எடுத்திருந்தேன். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்கவில்லை. உறையோடு அட்டைப்படத்தைப் பார்த்தேன், போனை எடுத்தேன், எழுத ஆரம்பித்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் காகிதம் தயார் செய்யும் வேலை. முப்பது வருடத்தை நெருங்கிவிட்டது. அதற்கும் முன்பிருந்தே நான் காமிக்ஸ் வாசகன். பதினான்கு வயதில் என் முதல் வாசகர் கடிதம் அச்சில் வந்தது. ஆறு வரிதான். அன்றிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். தமிழில் காமிக்ஸ் வெளியிடுகிறவர்களுக்கு என் கையெழுத்து தெரியும். கையெழுத்து போய் மின்னஞ்சல் வந்த பிறகு என் நடை தெரியும்.

தமிழில் காமிக்ஸ் படிக்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. சாத்தான்குளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் பழைய நண்பன்தான் அதை நடத்துகிறான். இருநூறு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய ஆண்கள். புதுப் புத்தகம் வந்தால், ‘அண்ணாச்சி என்ன சொல்லுதாருன்னு பாப்போம்’ என்று யாராவது எழுதுவார்கள். அந்த ஒரு வரிக்காக நான் போனைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் யாரும் என் கருத்துக்காகக் காத்திருந்தது கிடையாது. அந்த மாதம்தான் எங்கள் பிரிவுக்கு மேலாளராக என்னைவிடப் பதினைந்து வயது இளைய ஒரு பெண்ணைப் போட்டார்கள். அதை ஒரு காரணமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவர் என்னிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் அந்த மாதம்தான் புத்தகமும் வந்தது.

அது ஒரு வெளிநாட்டுச் சூப்பர்ஹீரோக் குழுக் கதையின் தமிழ்ப் பதிப்பு. வேறு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு இளைஞர் நடத்தும் சின்னப் பதிப்பகம் வெளியிட்டது. குழுவில் ஆறு பேர், அதில் நான்கு பேர் பெண்கள் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அறிவிப்பு வந்த நாளிலேயே குரூப்பில் கேலி ஆரம்பித்துவிட்டது. இனிமேல் வில்லனைக் கோலம் போட்டுத்தான் மடக்குவார்களா என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்லது பார்ப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அட்டையில் நடுநாயகமாகச் சிவப்பு உடையில் ஒரு இளம்பெண் கைகளை விரித்து நின்றாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ‘சிவப்பு உடுப்புத் தலைவியம்மாள் அவர்களுக்கு’ என்று கடிதத்தைத் தொடங்கினேன். வானத்தில் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுவதற்கு முன்னால் வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். தலைக்கவசத்துக்குப் பதிலாக இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துக்கொண்டால் செலவு மிச்சம் என்றேன். ‘கதை என்று ஒன்று இருந்தால் அதை அடுத்த பாகத்தில் தெரிவிக்கவும்’ என்று முடித்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. குரூப்பில் போட்டேன், பதிப்பாளருக்கும் அனுப்பினேன்.

அன்று மாலைக்குள் நூறு பேருக்கு மேல் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். வேறு குரூப்புகளுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் ஒருவர் அட்டைப்படத்துப் பெண்ணின் தலையில் இட்லிக் கொப்பரையை ஒட்டிப் படம் செய்து போட்டார். அதை நான் என் மைத்துனருக்கு அனுப்பி, என் யோசனைதான் என்று பெருமையாகச் சொன்னேன். புத்தகத்தை அலமாரியில் மற்றப் புத்தகங்களோடு செருகி வைத்தேன்.

மூன்றாம் நாள் அந்தச் செய்தி வந்தது.

குரூப்பில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பேசுவது கிடையாது. இருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. செய்தி போட்டவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து இருந்தது. படத்தில் வாசலில் தொங்கும் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம். அவர் எழுதியிருந்தது ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது.

‘அண்ணாச்சி, உங்க லெட்டர் எல்லாம் நான் விரும்பிப் படிப்பேன். ஒரே ஒரு சந்தேகம். நடுவுல நிக்கிற சிவப்பு உடுப்புக்காரி குழுவுலயே கிடையாதே. அவதான எதிரி. தலைவி அட்டையில ஓரத்துல நிக்கிறவங்க, நரைச்ச முடியோட. 61-ம் பக்கத்தப் பாருங்க. சண்டை எல்லாம் முடிஞ்ச பெறவு அவங்க ஒரு மரப்பெட்டி மேல உக்காந்து பூட்ஸக் கழட்டுவாங்க. கால் வீங்கி இருக்கும். பக்கம் முழுக்க அது மட்டுந்தான், பேச்சே கிடையாது. இத்தன வருசமா காமிக்ஸ் படிக்கேன், சண்ட போட்டவங்களுக்குக் கால் வலிக்கும்னு யாரும் வரஞ்சு நான் பாத்ததில்ல. நாள் முழுக்க நின்னு வேல பாக்கதுனால எனக்கு அந்தப் பக்கம் ரொம்பப் புடிச்சிருந்துச்சு. நீங்க புத்தகத்தப் படிச்சீங்களா அண்ணாச்சி?’

அலுவலகத்துக்குக் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். படித்து முடித்ததும் காது இரண்டும் சுட்டது. அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை என்பது படிக்கும்போதே தெரிந்தது. உண்மையாகவே கேட்டிருந்தார். வீட்டுக்குப் போய் உறையைப் பிரித்து 61-ம் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமலும் இருந்திருக்கலாம். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் பதில் போட்டேன்.

‘தங்கச்சி, நான் காமிக்ஸ் படிக்க ஆரம்பிச்சப்போ நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க. கால் வீக்கத்துக்கு ஒரு முழுப் பக்கம்னா, அடுத்த பக்கத்துல தைல விளம்பரம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.’

கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. தைலப் பாட்டில் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவருக்குத் ‘தைலக்கா’ என்று பெயர் வைத்தார்கள். ‘தைலக்கா, எதிரிக்கு மூட்டுவலி வந்தா யாரு தேச்சுவிடுவா’ என்று ஒருவர். அதைவிட மோசமாக இன்னொருவர். இரண்டு நாள் இப்படியே போயிற்று. அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாலை, அந்த எண் குரூப்பிலிருந்து வெளியேறியது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே யாரோ ‘தைலம் தீந்துபோச்சு போல’ என்று எழுதினார்கள். நான் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டேன்.

நண்பன் தனியாகக் கூப்பிட்டான்.

“ஏலே, அந்தப் பிள்ளைக்குச் சில பேரு தனியா மெசேஜ் போட்டிருக்கானுவ. அசிங்கமா. எனக்கு அதெல்லாம் போட்டோ புடிச்சு அனுப்பிட்டுத்தான் வெளிய போச்சு.”

“யாரு போட்டது?”

“உனக்கு எதுக்கு? நான் கண்டிச்சிட்டேன். விடு.”

விடு என்றான், விட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூரில் வாசகர் சந்திப்பு வைத்திருந்தார்கள். லாட்ஜ் ஒன்றின் முதல் மாடியில் சின்ன ஹால். இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். கீழே மொட்டை போட்ட குழந்தைகளும் சந்தன வாசமுமாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. என் கடிதத்தை மைக்கில் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அங்கெல்லாம் நிறுத்தினேன். ஒருவர் பொன்னாடை போர்த்தினார். பின்வரிசையிலிருந்து யாரோ, “தைலக்கா வரலியா?” என்று கேட்டார்கள்.

நான் மைக்கை மறுபடி வாய்ப்பக்கம் கொண்டுபோய், “அவங்க கால் வலின்னு லீவு போட்டிருக்காங்க” என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. இதை வீட்டில் இதுவரை சொன்னதில்லை. இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். கடிதத்துக்காவது புத்தகம் பிடிக்கவில்லை என்று ஏதோ ஒரு பொய்க் காரணம் இருந்தது. இந்த வரிக்கு அதுவும் இல்லை. அவர் போய்விட்டார், திரும்பப் பேச முடியாது என்பது தெரிந்துதான் சொன்னேன்.

மறுமாதம் பதிப்பகத்தின் அடுத்த வெளியீடு வந்தது. அதில் என் கடிதத்தை முழுப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நான் அதை மனைவியிடம் கொடுத்தேன். அவள் மாநகராட்சிப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை. காமிக்ஸ் பக்கம் வரவே மாட்டாள். என் கடிதம் வந்தால் மட்டும் வாங்கிப் பார்ப்பாள், நன்றாக இருக்கிறது என்பாள். அன்று பள்ளி விடுமுறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து முன்னறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே அந்த வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

“இது எந்தப் புத்தகத்தப் பத்தி எழுதுனது?” என்று கேட்டாள்.

“அலமாரியில மேல் தட்டுல இருக்கு பாரு. பச்ச முதுகு.”

சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

“ஏங்க, இது பிரிக்கவே இல்லியே.”

“ரெண்டு காப்பி வந்துச்சு” என்றேன். முன்கூட்டி யோசித்து வைத்ததுபோல அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

“இன்னொண்ணு எங்க?”

“ஆபீஸ்ல.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. படிக்க ஆரம்பித்தாள். ஒன்றரை மணி நேரம் படித்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்தைப் படிப்பதுபோல வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, படங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு. எனக்குச் சட்டைகள் தீர்ந்துவிட்டன. போர்வையை எடுத்து இஸ்திரி போட்டேன். அதற்கு முன்னும் பின்னும் நான் போர்வைக்கு இஸ்திரி போட்டதில்லை.

அவள் எழுந்து வந்தபோது கையில் சிவப்புப் பேனா இருந்தது. என் கடிதம் வந்த பக்கத்தில் ஐந்து இடங்களில் வட்டம் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே, மடித்திருந்த சட்டைகளின் மேல் வைத்தாள்.

“நடுவுல நிக்கிறவ கெட்டவ. அவளப் போயி தலைவின்னு எழுதிருக்கீங்க. தலைவிக்குப் பறக்கத் தெரியாது. பறக்கது குழுவுல இருக்க ஒரு சின்னப் பொண்ணு. தலைக்கவசமே யாரும் போடல. ஊரக் காப்பாத்துனாங்கன்னு எழுதிருக்கீங்க, ஊரு முங்கிப் போச்சுல்லா. சனங்களத்தான் காப்பாத்துதாங்க. கதையே இல்லங்கீங்க. கதையிருக்கு.” பேனாவை மூடினாள். “ரெண்டு காப்பி வந்துச்சா?”

“இல்ல.”

அவள் பேனாவையும் சட்டைகளின் மேல் வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

“பாடத்தப் படிக்காம விடை எழுதுற பிள்ளை எங்க கிளாஸ்லயும் உண்டு. ஆனா அதுக்குத் தப்புன்னு தெரியும். பேப்பரக் கொண்டாந்து நீட்டும்போது முழிக்கும். நீங்க அச்சுல போட்டு என்கிட்டயே காட்டுதீங்க.”

இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

“இருநூறு பேரு இருக்காங்கன்னு சொல்லுவீங்களே. ஒருத்தருக்குமா தெரியல?”

“ஒருத்தருக்குத் தெரிஞ்சுது” என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். திருச்செந்தூரில் மைக்கில் பேசியதை மட்டும் விட்டுவிட்டேன். கேட்டுவிட்டு, யார் அந்தப் பெண் என்றாள். தெரியாது என்றேன். அது பொய்யில்லை. அப்போது உண்மையாகவே தெரியாது.

அன்று சாயங்காலம் புத்தகத்தைப் படித்தேன். ஒரு துறைமுக நகரம், கடல் ஊருக்குள் ஏறுகிறது. தலைவியின் சக்தி ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு கனத்தையும் நகராமல் தாங்கி நிற்க முடியும். அலைதடுப்புச் சுவர் சரியும்போது, கடைசிப் படகு கிளம்பும்வரை அவள் முதுகைக் கொடுத்து நிற்கிறாள். அடுத்து 61-ம் பக்கம் வருகிறது. மரப்பெட்டி, கழற்றிய பூட்ஸ், வீங்கிய கால், விரல்களுக்கிடையில் மணல். குழுவிலிருக்கும் ஆண் ஒருவன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் முகம்கூடத் தெரிவதில்லை. அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நண்பனைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டேன்.

“எதுக்குல? எல்லாம் ஓஞ்சு கெடக்கு, கிளறாத” என்றான்.

இரண்டு நாள் கேட்டபிறகு கொடுத்தான். மதிய உணவு இடைவேளையில், துறைமுகச் சாலையில் ஒரு வேப்பமர நிழலில் நின்று அந்த எண்ணுக்கு அழைத்தேன். சாலையில் நிலக்கரி லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“ஹலோ, சொல்லுங்க” என்றது ஒரு குரல். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். எங்கே கேட்டது என்றுதான் பிடிபடவில்லை. என் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் லாரியின் ஏர் பிரேக் சத்தமும், “மேடம், ஸ்லிப்பு” என்று யாரோ கேட்பதும் காதில் விழுந்தன.

“நான் டூட்டியில இருக்கேன் சார். நாளைக்கு நீங்க எப்படியும் ஸ்லிப் வாங்க வருவீங்கல்லா” என்றார். போன் கட்டாயிற்று.

எனக்குப் புரிந்தது. துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு ஒன்று இருக்கிறது. சரக்கு லாரி அங்கிருந்து வெளியே போக வேண்டுமானால் வாசல் கவுன்டரில் ஒரு சீட்டு வாங்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாளாவது நான் அந்தக் கண்ணாடி ஜன்னலில் நிற்பேன். அந்தக் குரல் கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாகக் கேட்கும் குரல்.

மற்றதும் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கம்ப்யூட்டர் வேலை செய்யாமல் ஜன்னலில் வெகுநேரம் காக்க வேண்டியிருந்தது. நான் நின்றுகொண்டே ஒரு காமிக்ஸைப் படித்துக்கொண்டிருந்தேன். “என்ன புக்கு அண்ணாச்சி?” என்று அவர் கேட்டார். அவர் அண்ணன் கப்பல் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய காமிக்ஸ் வீட்டில் நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்றார். நான்தான் ஒரு துண்டுச் சீட்டில் நண்பனின் எண்ணை எழுதிக் கொடுத்து, குரூப்பில் சேரச் சொன்னேன். பிறகு மறந்துவிட்டேன். அவரை நான் அழைத்துக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டு, வந்திருக்கிறார் என்பதே தெரியாமல் விரட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அவர் என்னை எப்போதும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒரு மாதமாகச் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாற்றத்தை நான் கவனிக்காமல் இல்லை. பெண்ணுக்கு அலுவலக மரியாதை பிடிபட்டுவிட்டது என்று நினைத்து உள்ளூரச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

மறுநாள் போனேன். எனக்கு முன்னால் நான்கு டிரைவர்கள் நின்றார்கள். என் முறை வந்தபோது முதல்முறையாகக் கண்ணாடிக்குக் கீழே பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிரிண்டரை வைத்திருந்தார்கள்.

“தங்கச்சி, அன்னைக்கு நான் எழுதுனதுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“டெலிவரி ஆர்டர் காப்பி குடுங்க சார்.”

கொடுத்தேன். அதைச் சரிபார்த்தபடியே, நிமிராமல் பேசினார்.

“மன்னிப்பு கேக்கதுக்குன்னா இங்கன வேண்டாம் சார். எல்லாரும் பாக்கத்தான சொன்னீங்க. அங்கனயே சொல்லுங்க.”

“நீங்க மறுபடி குரூப்புக்கு வந்தீங்கன்னா...”

“அது வேற. நான் வரமாட்டேன்.” கணினியில் ஏதோ தட்டினார். “எனக்கு வந்த மெசேஜ எல்லாம் எங்க அம்மா பாத்துட்டாங்க. நம்பர மாத்துன்னு சொன்னாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன் மாத்துறதுக்குன்னு மாத்தல.” சீட்டில் முத்திரை குத்தி ஓட்டை வழியாக நீட்டினார். “அடுத்து யாரு? வாங்க.”

இதற்குப் பிறகு உடனே எழுதியிருப்பேன் என்று நினைக்காதீர்கள். பதினோரு நாள் ஆயிற்று. முதலில் எழுதியதில், வேலைப்பளுவில் அவசரமாகப் படித்துவிட்டேன் என்று இருந்தது. அழித்தேன். அடுத்ததில், ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று ஒரு பத்தி இருந்தது. அதையும் அழித்தேன். மனைவி ஒரே ஒரு தடவை, காலைச் சாப்பாட்டின்போது, “எழுதியாச்சா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். தோசையை என் தட்டில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் நாலே வரி எழுதினேன். அந்தப் புத்தகத்தைப் படிக்காமல்தான் கடிதம் எழுதினேன். உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரு பெண் அதைச் சுட்டிக்காட்டியபோது பதில் சொல்ல வழியில்லாமல் அவரைக் கேலி செய்தேன். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதைக் குரூப்பில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கும்பிடு பொம்மைகள் வந்தன. ‘அண்ணாச்சிக்கு வீட்ல நல்ல கவனிப்பு போல’ என்று ஒருவர் எழுதினார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்து வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ‘நானும் படிக்கல அண்ணாச்சி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாங்காமலே இருந்துட்டேன்’ என்று ஒருவர். அதைத் தொடர்ந்து ஏழெட்டுப் பேர், நானும், நானும் என்றார்கள். சிவப்பு உடைக்காரி தலைவி இல்லை என்று ஏன் யாரும் சொல்லவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. இருநூறு பேர் இருந்த இடத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நாங்கள் வெளியே அனுப்பினோம்.

நண்பன் கூப்பிட்டு, “அத அழிச்சிரு, அசிங்கமா இருக்கு” என்றான். நான் அழிக்கவில்லை. அசிங்கமாக மெசேஜ் போட்டது யார் என்று இந்தத் தடவை விடாமல் கேட்டேன். இரண்டு பேரைச் சொன்னான். ஒருவர் இட்லிக் கொப்பரைப் படம் செய்தவர். இன்னொருவர் திருச்செந்தூரில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர். அந்தப் பொன்னாடை எங்கள் பீரோவில் இருந்தது. இரண்டு பேரையும் நண்பன் குரூப்பிலிருந்து நீக்கினான். அவர்கள் வேறொரு குரூப் ஆரம்பித்து, என்னையும் அதில் சேர்த்தார்கள். வெளியே வந்தேன்.

பதிப்பாளருக்கும் அதே நாலு வரியை, கொஞ்சம் விரிவாக, வாசகர் கடிதமாக அனுப்பினேன். அவர் போனில் பேசினார்.

“எனக்கு அப்பவே தெரியும்ணே. சிவப்பு உடுப்புத் தலைவின்னு பாத்ததுமே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா தம்பி போட்டீங்க?”

“லெட்டர் சிரிப்பா இருந்துச்சு. புக்கு போகவே இல்ல. இதப் பாத்து நாலு பேரு சண்ட போட்டாங்கன்னாலாவது போகும்னு நினைச்சேன். போகலண்ணே.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். மொழிபெயர்த்து, எழுத்துகளைப் படத்துக்குள் பொருத்தி, அச்சுக்கு அனுப்பியது எல்லாம் அவர் ஒரே ஆளாகச் செய்தது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் பாகத்தை விட்டுவிடலாமா என்று இருக்கிறார் என்றும் சொன்னார். விடாதீங்க என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அவர் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது, முதலைவிடக் குறைந்த பிரதிகள். வந்த அன்றே உறையைக் கிழித்துக் கடிதப் பக்கத்துக்குத்தான் முதலில் போனேன். என் கடிதம் இருந்தது. ‘முதல் பாகத்தை மறுபடி படித்தபோது என் கருத்து முற்றிலும் மாறிவிட்டது. அவசரப்பட்டு எழுதியதற்கு வருந்துகிறேன்’ என்று அச்சாகியிருந்தது. படிக்கவே இல்லை என்ற வரி இல்லை. உறையைப் பற்றிய வரி இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றிய வரி இல்லை. நான் எழுதாத ‘மறுபடி’ இருந்தது.

பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

“உங்க மரியாதைய நினைச்சுத்தாண்ணே அத எடுத்தேன். இத்தன வருசமா எழுதுறவரு. படிக்காம எழுதுனேன்னு அச்சுல வந்தா நல்லாவா இருக்கும்?” என்றார். மூன்றாம் பாகம் வந்தால் திருத்தம் போடுகிறேன் என்றார். வருமா என்று அவருக்கே தெரியாது.

அச்சில் நான் இப்போது தன் தவறைப் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்ட மூத்த வாசகன். இரண்டு பேர் அதைப் பாராட்டி எனக்கு எழுதினார்கள். மனைவியிடம் காட்டினேன். அவள் இந்தத் தடவை சிவப்புப் பேனாவைத் தேடவில்லை. ‘மறுபடி’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “இத என்ன செய்யப் போறீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் யார்டுக்குப் போகும்போது புத்தகத்தையும் எடுத்துப்போனேன். எனக்குப் பின்னால் ஆறேழு டிரைவர்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகப் பையன்களில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பார்த்ததை உணர்ந்ததும் அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. கடிதப் பக்கத்தைத் திறந்து கண்ணாடியில் வைத்துக் காட்டினேன்.

“மறுபடி படிச்சேன்னு போட்டிருக்காங்க. நான் அப்படி எழுதல. நான் முத தடவ படிக்கவே இல்ல. நீங்க கேட்டீங்கல்லா, அதுக்குப் பதில் இது. திருச்செந்தூர்ல மைக்லயும் உங்களப் பத்தி ஒண்ணு சொன்னேன், உங்களுக்குத் தெரியாது...”

“தெரியும் சார். வீடியோ வந்துச்சு.”

அவர் அச்சாகியிருந்ததைக் கண்ணாடி வழியாகவே படித்தார். ஸ்டூல்மேல் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு டிரைவர், “என்ன அண்ணாச்சி, லேட்டாகுது” என்றார். என் காகிதத்தை உள்ளே தள்ளினேன். அவர் வாங்கிச் சரிபார்த்தார், தட்டினார், முத்திரை குத்தினார். சீட்டை நீட்டும்போதுதான் பேசினார்.

“ரெண்டாம் பாகம் நானும் வாங்கிட்டேன் சார். பாதிதான் படிச்சிருக்கேன். கதையச் சொல்லிராதீங்க.”

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். அதற்குள் என் தோளுக்கு மேலாக டிரைவரின் கை காகிதத்தோடு ஓட்டைக்குள் நீண்டுவிட்டது. நான் சீட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன்.